சான்சிபாரைப் பார்க்காத சான்சிபார்க்காரி

எனக்கு ஸ்வாஹிலி தெரியும். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும். அதை நான் மறைப்பதில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சிங்களம் எல்லாருக்கும் வரும். இங்கிலீஷ் தெரிந்தவர்கள் நாலு பேர் உண்டு. மிடில் ஈஸ்ட் போய் வந்து அரபி பேசுகிறவர்கள் லயத்து வீட்டு வரிசைக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். ஸ்வாஹிலி பேசுகிறவள் ஹட்டன் பக்கம் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இத்தனைக்கும் ஆப்பிரிக்கா இருக்கும் திசை எது என்று கேட்டால் நான் இன்றைக்கும் யோசித்துத்தான் சொல்வேன். நான் போனது மஸ்கட்டுக்கு, வீட்டு வேலைக்கு. அரபி கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே பத்து மாதம் ஸ்வாஹிலி கற்றேன்.

இப்படி ஒரு கூத்து தமிழச்சிக்கு மட்டும்தான் நடக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

இரண்டாயிரத்து மூன்றில் புறப்படுவதற்கு முன்னால் பயிற்சி வகுப்புக்குப் போனேன். வாஷிங் மெஷினை எப்படிப் போடுவது, அயர்ன் எப்படிப் பிடிப்பது, அதோடு கொஞ்சம் அரபி. அரபிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். பிளேனில் அதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளே புத்தகம் ஒன்று சொன்னது, வீடு ஒன்று சொன்னது. தண்ணீருக்குப் புத்தகத்தில் 'மாய்', வீட்டில் 'மாஜி'. மீனுக்குப் புத்தகத்தில் 'சமக்', வீட்டில் 'சமாக்கி'. சீனிக்கு அங்கே 'சுக்கர்', இங்கே 'சுகாரி'. நன்றிக்கு மட்டும் புத்தகத்தில் 'சுக்ரன்', வீட்டில் சம்பந்தமே இல்லாமல் 'அசாந்தே'.

எனக்கு இதில் ஒரு குழப்பமும் வரவில்லை. தமிழிலும் புத்தகத்தில் ஒன்று இருக்கும், வாயில் ஒன்று இருக்கும் அல்லவா? 'நீர் அருந்தினான்' என்று எழுதிவிட்டு 'தண்ணி குடிச்சான்' என்றுதானே பேசுகிறோம். அரபியும் அப்படித்தான், வகுப்பில் சொல்லிக்கொடுத்தது செந்தமிழ் மாதிரி, வீட்டில் பேசுவது வழக்குப் பேச்சு என்று நானே முடிவு கட்டினேன். புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு வாய்ப்பேச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டு மகள் பேங்கில் வேலை செய்தாள். அம்மா ஒன்று கேட்டால் அவள் புத்தகத்தில் இருந்த மாதிரியே பதில் சொல்வாள். படித்த பிள்ளை, அதனால் வீட்டிலும் இலக்கணமாகப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். டிவியில் செய்தி வாசிப்பவர்களும் அப்படித்தானே.

பத்தாவது மாதம் ஒரு லீவு நாளில் ரூவிக் கடைத்தெருவுக்குத் துணி வாங்கப் போனேன். கீழக்கரைக்காரர் ஒருவரின் கடை. பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஓமானி அம்மா ஒருவரின் பர்ஸ் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்து, என் சரளத்தையெல்லாம் காட்டி நாலு வாக்கியம் பேசினேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டுக் கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

"அக்கா, இப்ப என்ன பாஷை பேசுனீங்க?"

"அரபிங்க."

"இருவது வருஷமா இங்கன கடை போட்டுருக்கேன். இது அரபி இல்லக்கா. சான்சிபார்ல இருந்து வந்தவங்க வூட்ல பேசுறது. ஆப்பிரிக்கா பேச்சு."

அன்றைக்கு நான் துணி வாங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேராகப் பீபியிடம் போனேன். பீபிதான் அந்த வீட்டு அம்மா, என்னுடைய கஃபீல், அதாவது விசா கொடுத்து என்னை வேலைக்கு எடுத்தவர். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், விதவை, ஐம்பத்தைந்து தாண்டியவர். இனி நாங்கள் பேசியதையெல்லாம் என் தோட்டத்துப் பேச்சில்தான் எழுதப்போகிறேன், எனக்கு ஸ்வாஹிலி அப்படித்தான் காதில் கேட்கும்.

"பீபி, இது அரபி இல்லைனு ஏன் சொல்லல?"

"அரபினு நெனச்சியா?" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கணக்கு டீச்சர் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் சிரித்தார். "என் மக பேசமாட்டேங்கிறா, நீயாச்சும் எங்க ஊர்ப் பேச்சைப் பேசுறியேனு நான் பத்து மாசமா சந்தோசப்பட்டுக்கிட்டு இருக்கேன்."

எனக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது. ஆனால் அந்தக் கடைசி வார்த்தை என் மனத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. சரி, கற்றது கற்றதுதான், இதையே முழுதாகக் கற்றுவிடுவது என்று வைராக்கியம் வைத்தேன்.

பீபி பிறந்தது சான்சிபார்த் தீவின் பழைய துறைமுக நகரத்தில், கிபோண்டா என்ற மொஹல்லாவில். மொஹல்லா என்றால் பேட்டை. ஓமானிலிருந்து கப்பலேறிப் போன குடும்பங்களில் ஒன்று. அறுபதுகளில் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது, பதினாறு வயதில், ஓடி வந்தவர்களோடு வந்துவிட்டார். அவருடைய அம்மா வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்றாராம். அம்மாவுக்குத் துணையாக அண்ணன் அங்கேயே நின்றுவிட்டார். வெளியேறிய அன்று பெரிய கதவுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியது பீபிதான். அம்மாவும் அண்ணனும் பின்வாசலைப் புழங்கிக்கொண்டார்கள். சாவி பீபியோடு கப்பலேறியது. அது என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீளம். நகைப்பெட்டியில் வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருந்தார். மாதம் ஒருமுறை அதைத் துடைப்பது என் டியூட்டி.

அந்த ஊரில் வீட்டின் பெருமையே கதவில்தான் இருக்குமாம். ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மரம், சுற்றிலும் சித்திர வேலை, வரிசை வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். இவர்கள் கதவில் கீழ்வரிசையில் மூன்றாவது குமிழ் மட்டும் இல்லை. சின்ன வயதில் அண்ணனும் தங்கையுமாகச் சேர்ந்து பிடுங்கி, அடி வாங்கியிருக்கிறார்கள்.

அண்ணனோடு முப்பது வருடம் கடிதமும் பிறகு ஃபோனுமாக ஒட்டுதலாகத்தான் இருந்திருக்கிறார் பீபி. அம்மா காலமான பிறகு ஒரு பெருமழையில் அந்தப் பழைய வீடு இடிந்து விழுந்தது. அதற்கப்புறம் அங்கே போய் வந்த யாரோ ஒருவர், "உங்கள் கதவை உன் அண்ணன் வெளிநாட்டு வியாபாரிக்கு விற்றுவிட்டான்" என்று கொளுத்திப் போட்டுவிட்டார். பீபி ஃபோனில் கேட்டிருக்கிறார், கதவை விற்றாயா என்று. "என்னைப் பார்த்தா கேட்கிறாய்?" என்று அண்ணன் ஃபோனை வைத்துவிட்டார். அவ்வளவுதான். விற்றேன் என்றும் சொல்லவில்லை, விற்கவில்லை என்றும் சொல்லவில்லை. நான் போனபோது இருவரும் பேசி எட்டு வருடம் ஆகியிருந்தது.

அப்படிப்பட்ட கதவுகள் மஸ்கட்டிலும் துபாயிலும் பெரிய ஹோட்டல்களுக்கு அலங்காரமாக வந்து நிற்கும். புதிதாக ஒரு கதவு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் போதும், பீபி காரை எடுக்கச் சொல்வார். நானும் கூடப் போவேன். ஏசி ஹாலில், சூட் போட்ட ஆட்கள் பார்க்கப் பார்க்க, ஒரு கணக்கு டீச்சர் அபாயாவோடு குனிந்து கீழ்வரிசைக் குமிழ்களை எண்ணுவார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மூன்றாவது குமிழ் எப்போதும் இருக்கும். "இது இல்லை" என்று நிமிர்ந்து, அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டு வருவோம். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும். இத்தனை கதவைக் குனிந்து பார்க்கிறவருக்கு ஒரு ஃபோன் போட முடியவில்லையே என்று.

ஃபோன் வராமல் இல்லை. அண்ணன்தான் போடுவார், வெள்ளிக்கிழமைதோறும், மதியத் தொழுகைக்குப் பிறகு. அது பீபி படுத்திருக்கும் நேரம். எனக்கு முன்னால் வேலை பார்த்த பெண்ணுக்கு அவர் பேச்சு புரியாது, வைத்துவிடுவாளாம். பேச்சு நன்றாகப் பிடிபடும்வரை நானும் ஃபோனைத் தொட்டதில்லை. முதல் தடவை எடுத்தபோது யார் என்று தெரியாமலே பதில் சொன்னேன்.

"பீபி தூங்குறாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து, "நீ யாரும்மா? எந்த மொஹல்லா?" என்றார்.

"இங்க வேலை செய்றேங்க."

"அது சரி. ஊர்ல எந்த மொஹல்லா?"

எனக்கு ஏற்பட்ட பெருமையை என்னவென்று சொல்வது. அந்த ஊர்க்காரர் ஒருவர் என்னை அந்த ஊர்க்காரி என்று நினைத்துவிட்டார். இல்லை, நான் தேயிலைத் தோட்டத்துத் தமிழச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பீபி எழுந்ததும் சொல்றேங்க" என்று மழுப்பிவிட்டேன்.

சொன்னேன். பீபியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "இனி அவன் கூப்பிட்டா, பீபி பேசமாட்டாங்கனு சொல்லி வெச்சிரு. வீட்ல இல்லைனு சொல்லாத. பொய் சொல்லக்கூடாது." பொய் அவருக்கு ஆகவே ஆகாது. பாலில் தண்ணீர் கலந்த கடையைக்கூட மன்னித்துவிடுவார், கலக்கவில்லை என்று சொன்னதை மன்னிக்க மாட்டார்.

அடுத்த வெள்ளி சொன்னபடியே சொன்னேன். "சரி" என்றார் அண்ணன். வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. பேசிப் பழக ஊர்க்காரர் ஒருவர் கிடைத்திருக்கிறார், விடுவேனா? "அங்க மழையாங்க?" என்று கேட்டேன்.

அப்படி ஆரம்பித்ததுதான். ஒன்றரை வருடம், வெள்ளிக்கிழமைக்குப் பத்து நிமிடம். அந்த நகரத்தை நான் காதால் பார்த்தேன். சந்துகள் எவ்வளவு குறுகல் என்றால், எதிரே சைக்கிள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் அரை மணி நேரம் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பார்கள். துறைமுகப் பக்கமிருந்து காற்று திரும்பினால் ஊர் முழுக்கக் கிராம்பு வாசனை. சாயங்காலம் கடற்கரையில் அடுப்பு மூட்டி மீன் சுடுவார்கள், கரும்புச் சாற்றில் இஞ்சியும் எலுமிச்சையும் பிழிந்து கொடுப்பார்கள். மின்சாரம் அடிக்கடி போகும். பேச்சின் கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்: "நல்லா இருக்காளா?" நல்லா இருக்காங்க என்பேன். வைத்துவிடுவார். கதவை என்ன செய்தீர்கள் என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "கேக்க வேண்டியவ கேக்கட்டும்" என்றார். தங்கச்சிக்கு ஏற்ற அண்ணன்.

இரண்டாயிரத்து ஐந்தில் பீபியின் மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. வீடே அல்லோலகல்லோலப்பட்டது. யார் யாருக்கு அழைப்பு என்று பீபி நோட்டுப் போட்டு எழுதினார். நான் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வழி ஆட்கள் எல்லாரும் வந்தார்கள் நோட்டில். பக்கத்து வீடு வந்தது, பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வந்தார்கள். தாய்மாமன் வரவில்லை.

எனக்குத் துருவ முடியவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் ஒரு பெண்ணுக்குச் சடங்கு கிடையாது, கல்யாணம் கிடையாது. என் கல்யாணத்தன்று மண்சரிவில் ரோடு மூடிவிட்டது. என் மாமா சீர்த்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு மலையைச் சுற்றி நடந்து வந்தார். முகூர்த்த நேரம் தாண்டிவிட்டது என்று ஐயர் முணுமுணுத்தார். "மாமன் வராம என்னா முகூர்த்தம்" என்று எங்கப்பா அவரை உட்கார வைத்துவிட்டார். ஸ்வாஹிலியிலும் அம்மாவின் கூடப்பிறந்தவருக்கென்று தனிச்சொல் இருக்கிறது, ம்ஜோம்பா என்று. நம்மைப் போலவே தனிச்சொல் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த மனிதரின் அருமை தெரியாமலா இருக்கும்? அவர்கள் முறையில் நிக்காஹ்வுக்குத் தாய்மாமன் அவசியமே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மறுபடியும் பார்த்தீர்களா, நானே முடிவு கட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது.

"ம்ஜோம்பா, இங்க கல்யாணம் வச்சிருக்கு. நீங்க வரணும்."

ஃபோனில் அவர் ஊர்க் காக்கை கத்துவது கேட்டது.

"அவ சொல்லச் சொன்னாளா?"

"ஆமாங்க."

ஒரே சொல். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் சொன்னது ஒன்றுதான். ஆனால் பொய்யே ஆகாத வீட்டில், அந்த வீட்டு எஜமானி பேரில் சொன்னேன். அவர் குரல் மாறிவிட்டது. "வரேன்னு சொல்லு" என்றார். அழுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஃபோனை வைத்த பிறகுதான் செய்த வேலை உறைத்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன். விஷயம் தெரிந்தால் பீபி என்னை அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார், பாதியில் திருப்பி அனுப்பப்பட்டவள் என்ற பேரோடு தோட்டத்தில் போய் இறங்க வேண்டும். அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பத்து வருடம் கழித்துத் தங்கச்சி கூப்பிட்டாள் என்று கடல் தாண்டி வருகிற மனிதர், வாசலில் வைத்து 'நான் கூப்பிடவில்லையே' என்ற சொல்லைக் கேட்டால்? அதற்குப் பிறகு அவர் ஃபோன்கூடப் போட மாட்டார். ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நூலையும் நானே அறுத்ததாகிவிடும்.

தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று காப்பியோடு போவேன். பீபி நோட்டிலிருந்து நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பார். "சர்க்கரை போட்டாச்சுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அடுத்த வெள்ளி அண்ணனே நாளையும் பிளேன் நேரத்தையும் சொன்னார். விசாவுக்கு அவருடைய பள்ளித் தோழரின் மகன் மஸ்கட்டில் இருந்தாராம், அவர் பார்த்துக்கொண்டாராம். "அவகிட்ட சொல்லு, அவ கேட்டதுக்குப் பதில் கொண்டு வரேன்னு" என்றார். என்ன பதில் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

இரண்டு நாள் இருக்கும்போது கல்யாணப் பெண்ணிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கையில் மருதாணிக் கூம்பு இருந்தது. அதை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். அந்தப் பெண் என்னிடம் ஸ்வாஹிலியில் பேசியது அன்றுதான் முதல் தடவை. "அம்மா உன்னையும் கொன்னுடுவாங்க, என்னையும் கொன்னுடுவாங்க" என்றாள். பிறகு, "டிரைவரை நான் அனுப்புறேன். நீ கூடப் போ" என்றாள்.

ஏர்போர்ட்டில் வெள்ளை அங்கியும் பூவேலைத் தொப்பியுமாக அவர் வந்தார். கூட்டத்தில் தன் ஊர்ப் பெண் ஒருத்தியைத் தேடினார். பொட்டு வைத்துக்கொண்டு சுடிதாரில் நின்ற என்னைத் தாண்டிப் போய்விட்டார். பின்னாலிருந்து "ம்ஜோம்பா" என்று கூப்பிட்டேன். குரலை வைத்துத் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீயா?"

"நான்தாங்க."

"பக்கத்துப் பெம்பாத் தீவுக்காரியா இருப்பேனு நெனச்சேன். உன் பேச்சுல அந்த இழுப்பு இருக்கு."

அது தோட்டத்து இழுப்பு. நான் சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டில் பீபி ஹாலில் இனிப்புப் பெட்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வாசற்படியில் செருப்பைக் கழற்றாமலே நின்றார். நான் பின்னால் அவர் பையோடு நின்றேன்.

"கூப்பிட்டியே, வந்துட்டேன்" என்றார் அண்ணன்.

பீபி அவரைப் பார்த்தார். அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். கணக்கு டீச்சருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கையிலிருந்த பெட்டியை மெதுவாக வைத்தார்.

"கூப்பிட்டாத்தான் வருவியா?" என்றார்.

பீபி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை, அண்ணனையும் விடவில்லை. "உள்ள வரச் சொல்லு, காப்பி போடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு மறுபடி பெட்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். ஒரே சோபாவில் இரண்டு முனையில் இருவர். "சர்க்கரை போடலாமானு கேளு" என்பார் பீபி. நான் அண்ணனிடம் திரும்பி, சர்க்கரை போடலாமாங்க என்பேன். "ஒரு கரண்டி போதும்னு சொல்லு." நான் இந்தப் பக்கம் திரும்பி, ஒரு கரண்டி போதுமாம். ஸ்வாஹிலியில் பிறந்து வளர்ந்த இருவருக்கு நான் ஸ்வாஹிலியிலிருந்து ஸ்வாஹிலிக்கு மொழிபெயர்த்தேன். தோட்டத்தில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

காப்பி முடிந்ததும் அண்ணன் தன் பையைத் திறந்தார். கிராம்பு, மாங்காய் ஊறுகாய், கரையில் வாசகம் எழுதிய கங்கா என்னும் அவர்கள் ஊர்த் துணிகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு துணிமூட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே ஒரு இரும்புப் பூட்டு. தேங்காய் அளவு இருந்தது. பூட்டியபடியே இருந்தது. அதன் வளையத்தில் அறுத்தெடுத்த சங்கிலிக் கண்ணி ஒன்று தொங்கியது.

"சுவர் விழுந்துச்சு. கதவு விழல, பூட்டும் விழல. ஆறு பேர் தூக்கிட்டு வந்து என் வீட்ல நிப்பாட்டியிருக்கேன்" என்றார், என்னைப் பார்த்து. "கதவைத் தூக்கிட்டு பிளேன்ல வர முடியாது. அதான் சங்கிலிய அறுத்தேன். சாவி அவகிட்ட இருக்கு. தெறந்து பாக்கச் சொல்லு."

நான் மொழிபெயர்க்கவில்லை. பீபி எழுந்து உள்ளே போய்விட்டார். வெல்வெட் துணியோடு வந்தார். சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. நாற்பது வருடத் துரு. சமையலறைக்கு ஓடித் தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து நானே ஊற்றினேன். அண்ணன் பூட்டைப் பிடித்துக்கொள்ள, பீபி திருகினார். அசையவில்லை. அண்ணன் சாவியை வாங்கி வலப்பக்கம் முறுக்கினார்.

"அந்தப் பக்கம் இல்ல, எடப்பக்கம். எப்பவுமே மறந்துருவ" என்றார் பீபி, அவரைப் பார்த்தே.

இடப்பக்கம் திருப்பினார். பூட்டு ஒரு தரம் முனகிவிட்டுத் திறந்தது. மேஜைவிரிப்பெல்லாம் துருவும் எண்ணெயும்.

"மூணாவது குமிழ்?" என்று கேட்டார் பீபி.

"ஓட்டையாத்தான் இருக்கு."

பீபி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அண்ணன் சோபாவின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வந்தார். நான் போத்தலை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, எனக்காக ஒரு மூச்சு அழுதேன். என்னால் நடந்தது இது. சந்தோசத்தில் அழுதேன், கர்வத்திலும் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் பீபி உள்ளே வந்தார். கண்ணாடி மறுபடி முகத்தில் இருந்தது.

"நான் கூப்பிட்டேனா?"

"இல்லீங்க பீபி."

"பின்ன?"

"எங்க பக்கம் தாய்மாமன் இல்லாம கல்யாணம் கெடையாதுங்க."

"எங்க பக்கம் பொய் சொல்றது கெடையாது" என்றார். "கல்யாணம் முடியட்டும், உன்கிட்டப் பேசிக்கிறேன்."

அந்த மிரட்டலோடுதான் கல்யாண வேலை பார்த்தேன். பெண்கள் கூடத்தில் அன்று சான்சிபார்க் குடும்பங்கள் நிறைந்திருந்தன. அண்ணன் எனக்கென்று கொண்டு வந்த ஜோடித் துணியை நானும் அவர்களைப் போல இடுப்பிலும் தோளிலும் கட்டியிருந்தேன். அதன் கரையில் 'விருந்தாளி வரட்டும், வீட்டுக்காரருக்கு நோய் தீரட்டும்' என்று ஸ்வாஹிலியில் எழுதியிருந்தது. பிரியாணித் தட்டுகளைக் கொடுத்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க, வெட்கப்படாதீங்க என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு போனேன். வயதான ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், பேச்சைக் கேட்டார். அவரால் கணக்குப் போட முடியவில்லை.

"இவ்ளோ நல்லாப் பேசுறியே, நீ நம்ம ஊர்ல எந்த மொஹல்லாம்மா?"

கூடத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இனி மழுப்புவதில்லை, ஹட்டன் என்றே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் எனக்குப் பின்னால், தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த பீபி, எண்ணுவதை நிறுத்தாமலே பதில் சொன்னார்.

"கிபோண்டா. எங்க வீடு."

கணக்கு டீச்சர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒருநாள்தான்.